சிரோஸ் டாக்கிலிருந்து பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். கப்பல் பழுதுபார்க்க டாக்கில் ஏறிக் கிடக்கிறது. பகல் முழுக்கச் சுத்தியலும் கிரைண்டரும்தான். போனில் பேசினால் பாதி உனக்குக் கேட்காது, மீதி எனக்குக் கேட்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீயும் மாப்பிள்ளையும் சாண்டோரினிக்கு டிக்கெட் பார்ப்பதாகச் சொன்னாய். சரி, போய் வாருங்கள். ஆனால் ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் படகு ஏறும்போது, இரண்டு ராத்திரியாவது கிரேக்கத்தின் இந்த சிரோஸ் தீவில் இறங்கிவிட்டுப் போங்கள். பெரிய படகிலேயே நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஊர் பெயர் எர்முபோலி. வெள்ளை வீட்டையும் நீலக் கதவையும் இங்கே தேடாதே, ஏமாந்துபோவாய். மஞ்சளும் இளஞ்சிவப்புமாக மாடி வீடுகள், இரும்புக் கிராதி வைத்த பால்கனிகள். நீ கேட்ட நீலக் கூரை ஒன்று இருக்கிறது, புனித நிக்கோலஸ் கோயிலில். படம் அனுப்புகிறேன்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் துறைமுகத்தில் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து சனங்கள் எல்லாம் மேலே குன்றில், ஆனோ சிரோஸில், நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். பிரான்ஸின் பாதுகாப்பு அவர்களுக்கு இருந்தது. கிரேக்கர்கள் துருக்கிய ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது 1822-ல் கியோஸ் தீவில் படுகொலை நடந்தது. 1824-ல் ப்சாரா தீவு அழிந்தது. தப்பியவர்கள் அடைக்கலம் தேடி வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். வந்தவர்கள் வியாபாரிகள், மாலுமிகள், கப்பல் கட்டுகிறவர்கள். வணிகக் கடவுள் எர்மிஸின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அகதிகளாக இறங்கிய இடத்தில் 1864-ல், இத்தாலிய ஓபரா நடத்த அப்போலோ தியேட்டரைத் திறந்துவிட்டார்கள். நாற்பது வருஷம்தான் ஆகியிருந்தது, கணக்குப் பார்.

நான் வேலை பார்க்கும் இந்த நியோரியோன் கப்பல்தளம் 1861-ல் தொடங்கியது. அப்போது கிரேக்கத்திலேயே பெரிய துறைமுகங்களில் ஒன்று இது. அப்புறம் பிரேயஸ் வளர்ந்தது, 1893-ல் கொரிந்த் கால்வாய் திறந்தது, வியாபாரம் கை மாறிப்போனது. நகர்மன்றத்துக்கு எர்ன்ஸ்ட் சில்லர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த வரைபடத்தைப் பார்த்தால் அரண்மனை போல இருக்கும். 1876-ல் தொடங்கி 1898-ல்தான் முடித்தார்கள். கட்டி முடிப்பதற்குள் ஊரின் நல்ல காலம் போய்விட்டது. எனக்கென்னவோ அந்தப் படிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை தாமதமாக வந்த மாதிரி இருக்கிறது.

அதன் முன்னால் இருக்கும் மியாவுலி சதுக்கம் முழுக்கப் பளிங்குக்கல். சாயங்காலம் குழந்தைகள் சைக்கிள் விடுகிறார்கள், தாத்தாக்கள் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மழை பெய்த அன்று சேஃப்டி ஷூவோடு நடந்து சறுக்கி விழுந்தேன். நல்ல பிடிப்புள்ள செருப்பு கொண்டுவா.

கடலோரம் வாப்போரியா என்ற பகுதி. நீராவிக் கப்பலை வைத்து வந்த பெயர். கப்பல் முதலாளிகள் கட்டிய வீடுகளின் அடிச்சுவரிலேயே அலை மோதுகிறது.

தவறவிடக் கூடாத ஒன்று, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ப்சாரா தீவிலிருந்து வந்தவர்கள் கட்டிய மாதா கோயில். அவர்கள் கையோடு கொண்டுவந்த சிறு மரப்பலகை ஓவியம் அங்கே இருக்கிறது, மாதாவின் மரணம் வரைந்தது. ஒன்றரை நூற்றாண்டாகச் சனங்கள் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றி முத்தமிட்டு வந்தார்கள். 1983-ல்தான், படத்தின் நடுவிலுள்ள விளக்குத்தண்டின் அடியில் டொமினிகோஸ் தியோடோகோபுலோஸ் என்ற கையெழுத்தைக் கண்டுபிடித்தார்கள். ஸ்பெயினில் எல் கிரெக்கோ என்று பேர் வாங்கிய அதே ஓவியர், கிரீட் தீவில் இளைஞனாக இருந்தபோது வரைந்தது. நான் போனபோது ஒரு பாட்டி அதன் முன்னால் சிலுவை போட்டுவிட்டுக் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். பையிலிருந்து வெங்காயத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு எலெக்ட்ரிக் கார் பைத்தியம் அல்லவா? எழுபதுகளிலேயே இந்தத் தீவில் என்ஃபீல்டு 8000 என்ற பேட்டரி கார் செய்திருக்கிறார்கள். இங்குள்ள தொழில் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. சக்கரம் வைத்து ஓடும் சூட்கேஸ் போல இருக்கும், சிரிக்காமல் பார்க்கச் சொல்.

ஆனோ சிரோஸுக்குக் காலாலேயே ஏறுங்கள், காலையில். புசுக்கி என்ற நரம்பு வாத்தியம் வாசித்துப் பாடிய மார்க்கோஸ் வம்வகாரிஸ் 1905-ல் பிறந்தது அங்கேதான். உச்சியில் கத்தோலிக்கரின் புனித ஜார்ஜ் பேராலயம், எதிர்க் குன்றில் ஆர்த்தடாக்ஸ்காரர்களின் உயிர்த்தெழுதல் கோயில். மற்ற நாடுகளில் இரு சபைக்கும் ஈஸ்டர் பெரும்பாலும் வேறு வேறு நாள், இங்கே ஒரே நாளில் கொண்டாடுகிறார்கள்.

கியோஸ்காரர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் லுக்கூமி. நம் மஸ்கோத் அல்வாவைச் சதுரமாக வெட்டிச் சர்க்கரைப் பொடியில் புரட்டிய மாதிரி. கடித்தால் மூக்கு வரை பொடி ஏறும். கப்பலை டாக்கிலிருந்து இறக்கும் தேதி இன்னும் சொல்லவில்லை, தெரிந்தால் எழுதுகிறேன். அம்மா கேட்டால் ஒரு டப்பா வாங்கியதாகச் சொல். வாங்கியது நாலு, ஒன்று காலி.

அன்புடன்,
அப்பா