கயலுக்கு ஆபரேஷன் இப்போது வேண்டாம்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்குத் திருநெல்வேலிக்கே மாற்றல் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான், மற்றபடி எல்லோரும் சுகம்.

கயலைப் பற்றி நீ எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அக்குளில் அளவுக்கு மீறி வேர்ப்பதால் கறுப்புச் சுடிதாரைத் தவிர எதையும் போடுவதில்லை, வகுப்பில் பதில் தெரிந்தாலும் கையைத் தூக்குவதில்லை என்றால் அந்தப் பிள்ளை எவ்வளவு மறுகியிருப்பாள்! முதலில், "ஒழுங்காகக் குளிக்கிறாயா" என்று யாரும் அவளைக் கேட்க விடாதே. வேர்வைச் சுரப்பிகளை நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டுவதால் வருவது இது. சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சின்ன வயதிலேயே தொடங்கி, இரண்டு அக்குளிலும் ஒரே மாதிரி வேர்த்து, தூங்கும்போது நின்றுவிடுகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பல குடும்பங்களில் தலைமுறையாக வருவதுதான். ராத்திரித் தூக்கத்தில் உடம்பே நனைகிறது, எடை குறைகிறது, படபடப்பு வருகிறது என்றால் மட்டும் தைராய்டு, காசநோய் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

உன் நாத்தனார் சொன்ன ஆபரேஷனை இப்போது நினைக்கவே நினைக்காதே. மருந்துக்கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நெஞ்சுக்குள் கேமரா விட்டு நரம்பை வெட்டுவார்கள், அல்லது கிளிப் போடுவார்கள். உள்ளங்கை வேர்வைக்குக் கைகொடுக்கிற அளவுக்கு அக்குளுக்கு அது கைகொடுப்பதில்லை. அதைவிட, அங்கே நின்ற வேர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கொட்டத் தொடங்கலாம். பலருக்கு அப்படி ஆகிறது. பிறகு வருந்தினாலும் வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்க முடியாது.

முதல் மருந்து சாதாரணமானது: அலுமினியம் குளோரைடு, 20 சதவீதம் வரை. இதைக் காலையில் குளித்த கையோடு பூசிவிட்டு, "எரிகிறது, கேட்கவும் இல்லை" என்று பாதியில் விடுகிறவர்கள் நிறைய. ராத்திரி வேர்வை அடங்கியிருக்கும்போது, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு பூசி, காலையில் கழுவ வேண்டும். ஈரத்தில் பட்டால் எரியும். மழித்த அன்று பூசவே கூடாது. வேர்வை கட்டுக்குள் வந்ததும் வாரத்துக்கு ஓரிரு முறை போதும். வெறும் பாடி ஸ்ப்ரே நாற்றத்தை மறைக்குமே தவிர வேர்வையை நிறுத்தாது.

இதில் அடங்காவிட்டால் போடாக்ஸ் ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதேதான். சுரப்பியைத் தூண்டும் நரம்புச் செய்தியை அது தடுக்கிறது. கடுமையான அக்குள் வேர்வைக்கு அமெரிக்காவில் 2004லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒரு அக்குளுக்கு 50 யூனிட், தோலுக்குள்ளேயே சின்னச் சின்னக் குத்துகளாகப் போடுவார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். செலவுதான், ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு.

கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் மாதிரி மாத்திரைகளும் இருக்கின்றன. வாய் வறளும், மலச்சிக்கல் வரும். உடம்பு முழுக்க வேர்வை குறைவதால் உங்கள் ஊர் வெயிலில் சூடு தாங்காமல் போகலாம். டாக்டர் சொல்லாமல் வாங்கிக் கொடுத்துவிடாதே. நுண்ணலையால் (மைக்ரோவேவ்) அக்குள் சுரப்பிகளையே அழிக்கும் சிகிச்சையும் உண்டு. அது எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம்.

கல்லூரி திறக்கும் முன்பே ஒரு நல்ல தோல் டாக்டரிடம் கூட்டிப்போ. உள்ளே அவளையே பேச விடு, நீ குறுக்கே பேசாதே. டாக்டர் எழுதித் தரும் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, எதை எப்படிப் பூசுவது என்று கயலிடம் நானே போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி