இதயத்துக்குள் எடுக்கும் எக்கோ: செலவை முன்கூட்டியே சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கு, இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள ஓட்டையை அறுவை சிகிச்சையின்றி அடைப்பதற்காக, மதுரையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். சிகிச்சைக்கு முதல் நாள் மாலைதான், இதயத்துக்குள்ளேயே செலுத்திப் பார்க்கும் எக்கோ குழாய்க்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று பில் கவுண்டரில் சொன்னார்கள். அது எதற்கு, வேறு வழி உண்டா, காப்பீட்டில் வருமா என்ற கேள்விகளுக்கு அங்கிருந்தவர்களிடம் பதில் இல்லை. இரத்தக் குழாய் வழியாக இதய சிகிச்சை செய்யும் ‘கேத் லேப்’ அறையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்பதால் எனக்கு அதன் பயன் தெரியும். தெரியாத குடும்பத்தினர் நகையை அடகு வைப்பதா, வேண்டாம் என்று கையெழுத்துப் போடுவதா எனத் தவித்துப் போவார்கள்.

அந்தக் குழாய் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன் உடையது. தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைக்குள் அதைச் செலுத்துவார்கள். அதன் நுனியில் உள்ள படிகங்கள் மீயொலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகின்றன. நம் விசைப்படகுகளில் மீன் கூட்டத்தையும் கடலின் ஆழத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர் வேலை செய்யும் முறையும் இதுதான். சுவீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் 1953-ல் மனித இதயத்தை முதன்முதலாக எக்கோ எடுத்தபோது, உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டே அதைச் செய்தார்கள் என்பதையும், ஹெர்ட்ஸ் அத்தகைய கருவியை முதலில் சோதித்துப் பார்த்தது மால்மோவின் கப்பல் கட்டும் தளத்தில் என்பதையும் கடற்கரைக்காரர்களாகிய நமக்காகவே சொல்லி வைக்கிறேன்.

கேத் லேப்பிலுள்ள எக்ஸ்ரே திரையில் கம்பியும் பலூனும் தெரியும், இதயத்தின் மெல்லிய தடுப்புச் சுவர் தெரியாது. அந்தச் சுவரைத் துளைத்து இடப்புறம் செல்ல வேண்டிய சிகிச்சைகளில், ஊசி நுனி அழுத்தும் இடத்தில் சுவர் கூடாரம் போல் இடப்புறமாகப் புடைப்பதை எக்கோவில் கண்ட பிறகே மருத்துவர் துளையிடுவார். இடம் சற்றே பிசகினால் மகாதமனியையோ இதயத்தின் வெளிச்சுவரையோ குத்திவிடும் அபாயம் உண்டு. ஓட்டையை அடைக்கும்போது, அடைப்புக் கருவியின் இருபுறமும் விரியும் தட்டுகள் சுவரின் விளிம்பைச் சரியாகக் கவ்வியிருக்கின்றனவா என்று, கருவி கம்பியில் பிணைந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சரியில்லை என்றால் உள்ளே இழுத்து மீண்டும் வைக்கலாம். விடுவித்த பின் நழுவினால் அதைப் பிடிப்பது பெரும் பாடு, சில நேரம் நெஞ்சைத் திறக்கவும் நேரிடும். இதயத்தைச் சுற்றி இரத்தம் கசியத் தொடங்கினாலும், இரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே இந்த எக்கோ காட்டிக் கொடுத்துவிடும்.

இவற்றில் பெரும்பாலானவற்றை உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவிலும் பார்க்கலாம். ஆனால் அந்தக் குழாயை விழுங்க வைத்து நெடுநேரம் வைத்திருக்கப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். மயக்க மருத்துவர் ஒருவரும் எக்கோ பார்க்க இன்னொரு மருத்துவரும் உடன் இருக்க வேண்டும். இதயத்துக்குள் எடுக்கும் எக்கோவுக்குத் தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். நோயாளி விழித்தபடியே பேசிக்கொண்டிருப்பார். உணவுக்குழாயில் சுருக்கம் உள்ளவர்களுக்கும், மயக்கம் தாங்காத நுரையீரல் நோயாளிகளுக்கும் இதை ஆடம்பரம் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

அதற்காக எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் வாதாடவில்லை. மெலிந்த உடலுடைய பிள்ளைகளின் எளிய ஓட்டைகளுக்கு நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவே பல நேரங்களில் போதுமானதாக இருக்கிறது. இந்தக் குழாய்க்காகச் சிரையில் கூடுதலாக ஒரு துளை போட வேண்டும், இரத்தம் கட்டலாம், இதயத் துடிப்பு சிறிது நேரம் தடுமாறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முறை மட்டுமே பயன்படுத்துவதற்கென்று தயாரிக்கப்படும் அதன் விலை லட்சத்தில் பேசப்படுகிறது. அதனால் சில இடங்களில் அதைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் அதை நோயாளியிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், புதுக் குழாயின் விலையை வாங்கவும் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி இருக்கிறது. அத்தொகைக்குள் இந்தக் குழாயின் செலவு எந்தெந்த நோயாளிகளுக்கு அனுமதிக்கப்படும், அதற்கு மருத்துவர் என்ன காரணம் எழுத வேண்டும் என்பதைத் திட்ட அலுவலகம் தமிழில் வெளியிட்டு, காப்பீட்டு மேசைகளில் ஒட்டி வைக்க வேண்டும். 2022-ல் தொடங்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலேயே ஓட்டையின் அளவும் விளிம்புகளும் குறித்த முழுமையான எக்கோ அறிக்கையைக் கொடுத்தனுப்பினால், எந்த எக்கோ தேவைப்படும், என்ன செலவாகும் என்பதை மதுரை மருத்துவர்கள் தேதி குறிக்கும்போதே சொல்லிவிட முடியும். இராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் பயணம் செய்து போகிறவர்கள், பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு புறப்படுவதற்காவது அந்த விவரம் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மண்டபம்.