26 தலைமுறையின் தொழிலும் ஒரு கல் தோட்டமும்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நிலத்தைப் பாகம் பிரிப்பதா, சேர்த்தே வைத்திருப்பதா என்று வீட்டில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். கொஞ்ச நாளாக நான் தேடித் தேடிப் படித்துவரும் அந்தினோரி குடும்பத்தின் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்துக் குடும்பம். 1385இல் ஜோவான்னி தி பியேரோ அந்தினோரி அங்குள்ள ஒயின் வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். இன்றுவரை 26 தலைமுறை, அதே தொழில். எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அந்த மண்ணின் கதைதான் பெரிதாகப் படுகிறது.

நகரத்துக்குத் தெற்கே கியாந்தி குன்றுகள். அங்கே நெடுங்காலம் வார சாகுபடி. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி பாடுபட்ட குடும்பத்துக்கு. கோதுமைக்கும் ஆலிவுக்கும் நடுவே, மரத்தில் ஏற்றிவிட்ட கொடியாகத்தான் திராட்சை வளர்ந்தது. உலகப் போருக்குப் பின் வாரக் குடும்பங்கள் நகரத்து வேலைக்குக் கிளம்பின. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களுக்கே சட்டம் தடை போட்டது. படங்களில் நாம் பார்க்கும் நேர்வரிசைத் தோட்டங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. அந்தக் குடும்பங்களின் பெயர் எந்தப் புட்டியிலும் இல்லை. அது எனக்கு உறுத்துகிறது.

1966இல் பியேரோ அந்தினோரி பொறுப்பேற்றார். அந்தக் குன்றுகளின் ஒயினுக்கும் கியாந்தி என்றே பெயர். சிவப்பு ஒயினிலும் வெள்ளைத் திராட்சை கலந்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம் என்பது விதி. தங்கள் தின்யானெல்லோ தோட்டத்துத் திராட்சைக்கு அது வேண்டாம் என்று அவர் நினைத்தார். 1971 அறுவடையிலிருந்து கியாந்தி என்ற பெயரையே விட்டுவிட்டு, சட்டத்தின் கண்ணில் கடைசித் தரமான 'மேசை ஒயின்' என்று விற்றார். எவ்வளவு துணிச்சல்! பின்னால் விதியே மாறியது.

அந்தத் தோட்டத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிளம்பும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களை வீசி எறிவதில்லை. உடைத்துக் கொடிகளின் அடியிலேயே பரப்புகிறார்கள். கல்லில் பட்ட வெயில் எதிரொளித்துக் குலைகளுக்கு அடியிலிருந்தும் ஏறுகிறது; பழம் நன்றாகக் கனிகிறது.

1980களில் தொழிலில் ஒரு பங்கு இங்கிலாந்தின் விட்பிரெட் நிறுவனத்துக்குப் போனது. 1991இல் குடும்பம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பியேரோவுக்கு மகன் இல்லை. மூன்று மகள்களும் தொழிலுக்கு வந்தார்கள். இப்போது மூத்தவர் அல்பியேரா தலைவர்.

பத்திரம் எழுதுமுன் உன் தங்கைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு. என்ன முடிவானது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்