தரியாபூர் வார்டிலிருந்து தில்லிக்கு

அகமதாபாத்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய அவா. உங்கள் மகன் நகராட்சிக் கவுன்சிலராகிவிட்டார் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் வார்டு வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை, சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் எப்போது போவோம் என்று தவிக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். மகள் வீட்டில் நான் தங்கியிருக்கும் இதே ஊரில்தான் வல்லபாய் படேலும் வார்டு உறுப்பினராகத் தொடங்கினார் என்பதால், அவரைப் பற்றி எழுதுகிறேன்.

லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்துத் திரும்பி, மாலை வேளைகளில் குஜராத் கிளப்பில் சீட்டாடிக்கொண்டிருந்த வழக்கறிஞர் அவர். காந்தியடிகளின் பேச்சைக்கூட முதலில் பொருட்படுத்தவில்லை. 1917-இல் தரியாபூர் வார்டு இடைத்தேர்தலில் ஒரே ஒரு வாக்கில் வென்றார். அதுவும் செல்லாது என்றாகி, பிறகு போட்டியின்றித் தேர்வானார். சுகாதாரக் குழுவின் தலைமை அவருக்கு வந்தது. அவ்வாண்டே பிளேக் பரவி, முடிந்தவர்களெல்லாம் ஊரைவிட்டுப் போனபோது, அவர் நகரத்திலேயே இருந்து, போள் என்று இங்கே அழைக்கப்படும் நெருக்கமான பழைய குடியிருப்புகளுக்குள் நடந்து துப்புரவு வேலையை நேரில் கவனித்தார். நகராட்சியைத் தம் போக்கில் நடத்திவந்த ஆங்கிலேய ஆணையர் ஒருவரை, அலுவலகக் கோப்புகளையே சான்றாகக் காட்டி எதிர்த்துப் பதவியிலிருந்து விலகச் செய்தார். நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான். மேடையில் முழங்குவது எளிது, கோப்பை வரிவிடாமல் படித்துவிட்டுக் கேள்வி கேட்பதற்குப் பொறுமை வேண்டும்.

1924 முதல் 1928 வரை நகராட்சித் தலைவராக இருந்தார். பிறகு குஜராத்தின் பர்தோலி வட்டத்தில் நடந்த வரிகொடா இயக்கம். அவர் தலைமையில் 22 விழுக்காடு நிலவரி உயர்வை உழவர்கள் எதிர்த்து நின்று, விசாரணைக்குப் பின் அது ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்தது. 'சர்தார்' என்ற பெயர் நிலைத்ததும் அப்போதுதான். பிறகு சிறைவாசங்கள். நாட்டின் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பரில் தில்லியில் கூடியபோது அவருக்கு வயது 71. தரியாபூர் வெற்றிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

அந்தச் சபையில் 1949 அக்டோபரில் அவர் நிகழ்த்திய உரையை நான் அந்த நகராட்சி நாட்களோடு சேர்த்தே பார்க்கிறேன். வெள்ளையர் ஆட்சியில் வேலை பார்த்த அதிகாரிகளுக்கு அரசியலமைப்பில் பாதுகாப்பு எதற்கு என்று உறுப்பினர்கள் பலர் கொதித்தபோது, தம் கருத்தை அஞ்சாமல் சொல்லும் அதிகாரி இல்லாமல் ஒன்றுபட்ட இந்தியா நிலைக்காது என்று அவர் வாதிட்டார். ஓர் ஆணையரோடு மோதி வெளியேற்றிய அதே மனிதர்தாம் இதையும் சொன்னார். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதிகாரியை எங்கே தட்டிக் கேட்க வேண்டும், எங்கே தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதை அவர் நகராட்சி மேசையில் உட்கார்ந்து கற்றிருந்தார் என்றே நம்புகிறேன்.

உங்கள் மகன் எந்தக் குழுவில் இடம் கேட்கப் போகிறார்? சுகாதாரக் குழுவில் இடமிருந்தால் அதையே கேட்கச் சொல்லுங்கள். முதல் மன்றக் கூட்டத்துக்கு அவர் எதைப் படித்துக்கொண்டு போனார், என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதையெல்லாம் விரிவாக எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்