நள்ளிரவு 12 மணிக்குச் செத்துப்போகும் ரேடியோ

ஆனைமலை,
ஐப்பசி கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் அனுப்பாமல் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், அதற்காகவாவது உடனே பதில் போட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, தேங்காய் போட ஆள் வரவில்லை, விடாத மழை என்று காரணம் அடுக்கலாம். உண்மை என்னவென்றால், தோட்டத்துத் தண்ணீர் மட்டம் சொல்லும் என் ரேடியோவும் படுத்துக் கிடந்தது. உன் மாணவர்களின் இரண்டு ரேடியோ போர்டும் பேச மாட்டேன் என்கின்றன, என்ன பண்ணலாம் என்று கேட்டிருந்தாய். என்னுடையதையே எழுப்ப முடியாமல் உனக்கு யோசனை சொல்ல வெட்கமாக இருந்தது. முந்தாநாள் ராத்திரி குற்றவாளி அகப்பட்டான். அதுதான் எழுதுகிறேன்.

பாப்பா ஆர்க்கிடெக்சர் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். அப்பனைப் பார்த்து எலெக்ட்ரானிக்ஸ் எடுக்காமல் தப்பித்துக்கொண்டாள்.

சரி, கதைக்கு வருகிறேன். தோப்பின் மேற்கு மூலையில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு பெட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு சின்ன கன்ட்ரோலர், கொஞ்சம் மின்சாரத்தில் வெகுதூரம் தகவல் அனுப்பும் ஒரு லோரா ரேடியோ, ஒரு பேட்டரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து 12 பைட் அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். இந்தப் பக்கம் மோட்டார் ரூமில் கையளவு கம்ப்யூட்டரான ஒரு ராஸ்பெரி பை 3. சிப்புகளோடு பேசுவதற்கான அதன் எஸ்பிஐ பின்களில் எஸ்எக்ஸ்1276 என்ற லோரா சிப் வைத்த மாட்யூல். அனுப்புவதை வாங்கி எழுதிவைக்கும், தொட்டி காலியானால் என் போனுக்குச் சொல்லும். நடுவில் முழுக்கத் தென்னை. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஆடி மாதம் பையின் மெமரி கார்டு போய்விட்டது. எங்கள் ஊர் கரண்ட் வந்து போகிற அழகுக்கு அது இத்தனை நாள் தாங்கியதே பெரிது. புதுக் கார்டு வாங்கி, புது ஓஎஸ் போட்டு, பழைய ப்ரோக்ராமை பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்தேன். ஓடியது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு தகவலும் இல்லை. மதியம் கரண்ட் போய் வந்தது, அப்புறம் தானாக ஓடியது. அடுத்த நாள் காலை மறுபடியும் மௌனம்.

என் புத்தி எங்கே போயிருக்கும் சொல்? ஆன்டெனாவுக்குத்தான். மழை வேறு. கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று ஏணி போட்டு ஏறி, பழைய டேப்பை உரித்துப் புது டேப் சுற்றினேன். அணில் கேபிளைக் கடித்திருக்குமோ என்று முழு நீளமும் விரலால் தடவிப் பார்த்தேன். தொட்டிப் பக்கம் பேட்டரியை மாற்றினேன். ஈர ஓலை சிக்னலைக் குடிக்கிறது என்று எனக்கு நானே ஒரு பாடம் நடத்திக்கொண்டேன். அதில் உண்மை உண்டு, ஆனால் ஓலை காலண்டர் பார்த்துக் குடிக்காது. மூன்று வாரம் இப்படியே வீணாகப் போனது.

லாக் ஃபைலை வரிசையாக எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு நாளும் கடைசித் தகவல் இரவு 11:50-ஐ ஒட்டி. அதற்குப் பிறகு எப்போது கரண்ட் போய் வருகிறதோ அப்போதுதான் உயிர். அதாவது கரண்ட் போனால் சரியாகிறது, கரண்ட் போகாமல் இருந்தால் கெட்டுப்போகிறது! தமிழ்நாட்டில் இப்படி ஒரு ரிப்பேரை எவனும் பார்த்திருக்க மாட்டான். அம்மாவிடம் சொன்னேன். "ராத்திரி 12 மணிக்குன்னா அது காத்து கருப்புதான், மோட்டார் ரூம்ல ஒரு எலுமிச்சம்பழம் கட்டு" என்றாள். கட்டினேன். பொய் சொல்வானேன்.

நள்ளிரவு 12 மணிக்கு மோட்டார் ரூமில் நடப்பது ஒன்றே ஒன்று. ப்ரோக்ராமைத் தினமும் ஒருமுறை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்படி குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் நானே எழுதிவைத்திருந்தேன். அப்படியானால் முதல் தடவை தொடங்கும்போது ஓடுகிறது, இரண்டாம் தடவை தொடங்கும்போது ஓடவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எது வேறு?

இதைக் காற்றிடம் கேட்காமல் சிப்பிடமே கேட்டிருக்க வேண்டும். எஸ்எக்ஸ்1276-இல் ஹெக்ஸ் (பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்) 42 என்ற முகவரியில் வெர்ஷன் ரெஜிஸ்டர், அதாவது சிப்பின் பதிப்பு எண் இருக்கும் சின்ன அறை, இருக்கிறது. படித்தால் ஹெக்ஸ் 12 வரவேண்டும். வந்தது. சிப் உயிரோடு இருக்கிறது, எஸ்பிஐ சரி. இந்தச் சிப்பைச் செய்தவர்களுக்கு 12 மீது என்ன காதலோ தெரியவில்லை. வெர்ஷன் எண் 12, ஏதாவது நடந்தால் சிப் தூக்கிக் காட்டும் இன்டரப்ட் கொடிகள் இருக்கும் ரெஜிஸ்டரின் முகவரியும் 12, ஒரே குழுவின் ரேடியோக்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் சிங்க் வேர்டின் ஆரம்ப மதிப்பும் 12. எல்லாம் ஹெக்ஸில். என் நோட்டில் "12 வந்தது" என்று எழுதிவைத்து, மறுநாள் எந்த 12 என்று தெரியாமல் முழித்தேன்.

அப்புறம் அந்த இன்டரப்ட் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். செத்துப்போனதாக நான் நினைத்த நேரத்திலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "வந்துவிட்டது" கொடி எழுந்தது, தகவல் வழியில் சிதைந்தால் எழும் சிஆர்சி பிழைக் கொடி எழவில்லை. மாப்ளே, எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ரேடியோ ஒரு நாள்கூடச் சாகவில்லை. தென்னை, மழை, அணில் எல்லாவற்றையும் தாண்டித் தகவல் வந்துகொண்டே இருந்தது. வாங்கிப் படித்தவன்தான் தப்பாகப் படித்திருக்கிறான்.

சிப்புக்குள் ஃபைஃபோ என்று 256 பைட்டில் ஒரு மெமரி இருப்பது உனக்குத் தெரியும். வரும் தகவலைச் சிப் அதில் வரிசையாக எழுதும். நாம் படிக்கும் இடத்தைக் காட்ட ஒரு சுட்டி உண்டு, ஒவ்வொரு பைட் படிக்கும்போதும் அது தானாக ஒன்று நகரும். ஒழுங்கான ஆள் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால், "கடைசியாக வந்தது எங்கே தொடங்குகிறது?" என்று அதற்குரிய ரெஜிஸ்டரைக் கேட்டு, சுட்டியை அங்கே வைத்துவிட்டுப் படிப்பான். நான் சோம்பேறி. சிப் எழுதும் இடம், நான் படிக்கும் சுட்டி இரண்டும் பூஜ்யத்தில் தொடங்கும், இரண்டும் 12, 12 ஆக நகரும், அப்புறம் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன். சிப்பை ரீசெட் செய்து தொடங்கினால் அது உண்மைதான். ரீசெட் ஆகாவிட்டால்? ப்ரோக்ராம் சிப்பைத் தூங்கவைத்து எழுப்புகிறது, சிப் மறுபடி பூஜ்யத்திலிருந்து எழுதத் தொடங்குகிறது, சுட்டி மட்டும் நேற்று விட்ட இடத்திலேயே நிற்கிறது. பால்காரர் புதுப் பக்கத்தில் கணக்கு எழுத, அம்மா பழைய பக்கத்தைப் புரட்டிக்கொண்டு "இன்னைக்குப் பாலே ஊத்தலையே" என்று சொல்கிற மாதிரி.

ஊகம்தானே, சோதித்துவிடலாம் என்று முந்தாநாள் விழித்திருந்தேன். அன்று காலை 8 மணிக்குக் கரண்ட் வந்தது. நள்ளிரவு வரை 16 மணி நேரம், மணிக்கு 6 தகவல், மொத்தம் 96. தகவலுக்கு 12 பைட் என்றால் 1152. அதை 256-ஆல் வகுத்தால் மீதி 128. ப்ரோக்ராம் திரும்பத் தொடங்கிய மறுகணம் சுட்டியைப் படித்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 128! அந்த நேரத்தில் யாரும் இல்லாத மோட்டார் ரூமில் நான் போட்ட கூச்சலுக்கு நாய்தான் சாட்சி.

சரி, ரீசெட் ஏன் ஆகவில்லை? இரண்டு வருடம் ஆகிக்கொண்டுதானே இருந்தது? சிப்பின் ரீசெட் பின்னைப் பையின் ஜிபிஐஓ 25-இல் (ப்ரோக்ராமால் ஏற்றி இறக்கக்கூடிய பின்) போட்டிருக்கிறேன். தொடங்கும் முன் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் /சிஸ்/கிளாஸ்/ஜிபிஐஓ வழியாக அதைக் கீழே, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுத்துவிடும். புது ஓஎஸ்ஸில் அதன் கருவான கெர்னல் 6.6. அதில் இந்த வழியின் பின் எண்கள் 512-இலிருந்து தொடங்குகின்றன. ஆக என் 25 இப்போது 537. வெறும் 25 என்று எழுதினால் கெர்னல் ஒழுங்காகப் பிழைச் செய்தி தருகிறது. ஆனால் அந்தப் பிழைச் செய்தி கண்ணில் படாமல் டெவ்-நல் என்ற குப்பைத்தொட்டிக்குள் தள்ளிவிடும்படி ஸ்கிரிப்டில் எழுதியிருந்தது யார் என்று நினைக்கிறாய்? இரண்டு வருடத்துக்கு முந்தைய நான். ஏதோ ஒரு எச்சரிக்கை தொந்தரவாக இருந்ததாம், வாயைப் பொத்திவிட்டேனாம்.

கெர்னல்காரர்களைத் திட்டவும் வழியில்லை. 2016-இல் வந்த 4.8 கெர்னலிலேயே இந்தப் பழைய வழியை விட்டு வெளியே வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது புது வழியான லிப்ஜிபிஐஓடிக்கு மாற்றிவிட்டேன், சுட்டியையும் ஒழுங்காக வைக்கிறேன். இரண்டில் ஒன்று போதும், ஆனாலும் இரண்டும் இருக்கட்டும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதைப் பார்த்தால் உன் இரண்டு போர்டுக்கும் வெவ்வேறு வியாதி. ஒரே மருந்து கொடுக்காதே.

முதல் போர்டு வெர்ஷன் கேட்டால் எப்போதும் 00 தருகிறது என்றாய். முதலில் மாட்யூலைக் கழற்றிவிட்டு, பையின் 19-ஆம் பின்னையும் 21-ஆம் பின்னையும் ஒரு ஜம்பர் வயரால் இணைத்து, ஏதாவது நான்கு பைட் அனுப்பச் சொல். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் பை பக்கம் சுத்தம். அப்புறம் ரீசெட் பின். பை எழும்போது ஜிபிஐஓ 9 முதல் 27 வரை உள்ளே மெல்லக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். நான் ரீசெட்டுக்கு 10 கிலோ ஓம் போட்டு மேலே இழுத்திருக்கிறேன், அதனால் பிழைத்தேன். உன் பிள்ளைகள் போட்டிருக்கிறார்களா என்று மீட்டர் வைத்துப் பார். இன்னொன்று, எஸ்எக்ஸ்1272-க்கு எழுதிய பழைய கோடை எங்கிருந்தாவது எடுத்திருந்தால் அதன் ரீசெட் தலைகீழ். அந்தச் சிப்புக்கு மேலே தூக்கினால் ரீசெட், 1276-க்குக் கீழே இழுத்தால் ரீசெட். இதெல்லாம் சரியாக இருந்தும் 00 என்றால், யாராவது 5 வோல்ட்டில் கொடுத்துப் பார்த்தார்களா என்று அன்பாக விசாரி. 3.9-க்கு மேல் அந்தச் சிப் தாங்காது. அடிக்காமல் கேட்டால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாவது போர்டு 12 என்று ஒழுங்காகச் சொல்கிறது, ஆனால் அடுத்த அறைக்குப் போனால் கேட்கவில்லை என்றாய். அது ஆன்டெனாவாகவும் இருக்கலாம், ஆனால் என் பந்தயம் வேறு. சிப்பில் சக்தி வெளியே வர இரண்டு வாசல் உண்டு. ஆர்எஃப்எம்95 மாதிரி மாட்யூல்களில் ஆன்டெனாவை பிஏ பூஸ்ட் என்ற வாசலில்தான் கட்டியிருப்பார்கள். ஹெக்ஸ் 09 ரெஜிஸ்டரின் மேல் பிட்டை 1 ஆக்காவிட்டால் சக்தி முழுக்க எதுவும் கட்டாத அடுத்த வாசலுக்குப் போகும். கசிவதுதான் காற்றில் வரும். மேஜைக்கு மேஜை கேட்கும், அறைக்கு அறை கேட்காது. நீ சொன்ன அறிகுறி அச்சு அசலாக இதுதான். அதைப் பார்த்த கையோடு அலைவரிசையையும் பார்த்துவிடு. ஐரோப்பாக்காரர்கள் எழுதிய லைப்ரரியில் 868.1 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். இந்தியாவில் நமக்கு 865.0625, 865.4025, 865.985 மாதிரி இடங்கள். 866-க்குக் கால் அலை ஆன்டெனா 8.6 சென்டிமீட்டரை ஒட்டி வரும். பெட்டியோடு வந்த கம்பி 17 சென்டிமீட்டர் இருந்தால் அது 433-க்கானது.

பேட்டரி மூன்று வாரம்தான் வருகிறது என்பதைக் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருந்தாய். அதற்கு ரேடியோவைக் குறை சொல்லாதே. தூங்கும்போது அது குடிப்பது 0.2 மைக்ரோ ஆம்பியர். உன் போர்டில் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் 1117 வகை ரெகுலேட்டர் இருக்கிறதா பார். அது ஒரு வேலையும் செய்யாமல் 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். 2600 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரியை 5-ஆல் வகுத்தால் 520 மணி நேரம், 22 நாளைக்குச் சற்றுக் குறைவு. உன் மூன்று வாரம் அங்கே இருக்கிறது. எம்சிபி1700 மாதிரி ஒன்றுக்கு மாற்று, அதன் சொந்தச் செலவு 2 மைக்ரோ ஆம்பியருக்கும் கீழே. பிள்ளைகள் எஸ்எஃப்12-இல் (இந்த எண் ஏறினால் தூரம் கூடும், வேகம் குறையும்) அனுப்பினால் எஸ்எஃப்7-க்கு இறக்கச் சொல். கட்டடத்துக்குள் அவ்வளவு தேவையில்லை. என் 12 பைட்டுக்கே 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எஸ்எஃப்12 என்றால் 1.15 விநாடி, எஸ்எஃப்7 என்றால் 41 மில்லி விநாடி. அனுப்பும்போது குடிப்பதுதான் பெருங்குடி.

மார்கழி லீவுக்கு நாகர்கோவிலிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி வா. வரும்போது அந்த முதல் போர்டையும் உன்னுடைய லாஜிக் அனலைசரையும் எடுத்து வா, திண்ணையில் வைத்துப் பார்ப்போம். எலுமிச்சம்பழத்தை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. குறை தீர்ந்தது அதனால்தான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று பக்கத்துத் தோப்புக்காரர் வந்து, தன் ஸ்டார்ட்டருக்கும் ஒன்று கட்டலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

உன்,
மச்சான்