பயந்து ஓடியவர்கள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலக் கோதுமை பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் 'பட்டாளத்துக்குப் பயந்து ரஷ்யாவிலிருந்து ஓடிவந்த மென்னோனைட் விவசாயிகள்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். ஆயுதம் எடுப்பதே பாவம் என்று கருதும் கிறிஸ்தவச் சபையார் அவர்கள். மனம் பொறுக்கவில்லை.

1874-இல் ஜார் அரசு கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது தாங்கள் அறிந்ததே. மென்னோனைட்டுகள் துப்பாக்கி தூக்க வேண்டாம், காட்டில் மரம் நட்டால் போதும் என்று அதே அரசு இறங்கியும் வந்தது. உயிர்ப்பயம்தான் காரணம் என்றால் அந்தச் சலுகை போதாதா? பலர் ஏற்றுக்கொண்டு தங்கினார்கள். அதுவும் பட்டாளச் சேவைதான் என்று கருதியவர்களும் சேர்ந்து சுமார் 18,000 பேர், நன்றாக விளைந்துகொண்டிருந்த நிலத்தை விட்டுக் கப்பலேறினார்கள். 'உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்' என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள் அவர்கள். வளர்ந்தபின் தானே கேட்டுப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்றதற்காக 1527-இல் ஃபீலிக்ஸ் மான்ட்ஸ் என்பவரை ஜூரிச் நகர ஆற்றில் மூழ்கடித்தார்களே, அந்த மரபில் வந்தவர்கள். அதைப் பயம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

விவசாயமும் தப்பு. 'மார்ச்சில் விதைத்தார்கள்' என்கிறீர்கள். அவர்கள் கொண்டுவந்த டர்க்கி ரெட் ரகம் குளிர்காலக் கோதுமை. செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, முளைத்த பயிர் பனிக்காலம் முழுக்கக் குளிரில் கிடந்தால்தான் பிறகு கதிர் விடும். மார்ச்சில் விதைத்தால் புல்லாகவே நிற்கும். கோடை அனல்காற்று பலமாகுமுன் அறுப்பு முடிந்துவிடும் என்பதுதான் அந்த ரகத்தின் பலமே.

கப்பலேறுமுன் சிறுமி ஒருத்தி விதைக்காக இரண்டரை லட்சம் கோதுமை மணிகளைப் பொறுக்கி எடுத்த கதையையும் வரலாறாகவே போட்டிருக்கிறீர்கள். மணி ஒன்றுக்கு 30 மில்லிகிராம் என்றால் மொத்தம் ஏழரைக் கிலோ. கைவிதைப்புக்கு ஏக்கருக்கு 27 கிலோவாவது வேண்டும். கால் ஏக்கருக்குச் சற்று மேல் விதைக்கலாம், அவ்வளவே. 1880-களில் கான்சாஸில் மாவு மில் நடத்திய மென்னோனைட் பெர்ன்ஹார்ட் வார்க்கென்டின் கிரிமியாவிலிருந்து விதை வரவழைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. மணி கடினம், கல் திரிகையில் தவிடும் பொடியாகி மாவு கருத்துவிடும். எஃகு உருளை மில்கள் வந்தபிறகே நல்ல விலை கிடைத்தது. அதுவும் இல்லை.

முன்பொரு முறை ஆமிஷ் குதிரை வண்டியின் படத்தைப் போட்டு மென்னோனைட் என்றீர்கள். ஆமிஷ்காரர்கள் அந்தச் சபையிலிருந்து 1693-இல் பிரிந்து போன தனிப் பிரிவினர். அப்போது எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

இம்முறை கேட்பது இரண்டே திருத்தம். விதைப்பு மாதத்தை மாற்றுங்கள். 'மாவரைக்கும் கல்' என்று தாங்கள் போட்டிருக்கும் படம் கதிரடிக்கும் கல். சுண்ணாம்புக்கல்லில் ஏழு பல் வைத்துச் செதுக்கிய உருளை. அந்நாளில் களத்தில் கதிரைப் பரப்பி, நாம் மாடு கட்டிப் போரடிப்பதுபோல், குதிரை பூட்டி அதைச் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். கல்லின் பல் கதிர்மேல் மோதி மோதி மணி உதிரும். படத்தை மறுபடி பார்த்தால் பற்களை எண்ணலாம். அடுத்த இதழில் திருத்தம் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்