நீராவியின் அலைவரிசையைக் காப்பாற்றுங்கள்: அலைக்கற்றை ஒதுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எல்லா நாட்டு அலைக்கற்றை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

உங்களுக்கு 24 கிகாஹெர்ட்ஸ் என்பது 5ஜி செல்பேசிச் சேவைக்காக ஏலத்துக்கு வரும் ஓர் அலைவரிசைப் பட்டை. தினமும் செயற்கைக்கோள் படங்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அதன் பக்கத்து வீடுதான் முக்கியம். நீராவி 22.235 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயல்பாகவே மிக மெல்லிய நுண்ணலையை வெளியிடுகிறது. அதைக் கேட்கத்தான் 23.6 முதல் 24 வரை யாரும் அலை பரப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. செயற்கைக்கோள்கள் 23.8இல் காது வைத்திருக்கின்றன.

அகச்சிவப்புப் படம் போதாதா என்று கேட்பீர்கள். அதில் வறண்ட காற்று கறுப்பாகவும் ஈரக்காற்று வெளுப்பாகவும் சுழன்று போவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் நடு அடுக்குக்கு மேலே உள்ள ஈரம். நீராவியில் பெரும்பங்கு கீழே முதல் சில கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. மேகம் மூடினால் அகச்சிவப்புக்கு அது தெரியவே தெரியாது. நுண்ணலை மேகத்தைத் தாண்டி வந்துவிடும். கடல்பரப்பு நுண்ணலையில் குளிர்ந்து தெரிவதால், அதன் மேலுள்ள நீராவி வெதுவெதுப்பாகத் தனித்துத் தெரியும். அப்படி வரைந்த படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள். வெப்பமண்டலக் கடலிலிருந்து ஒரு நாக்கு நீளும். அகலம் சில நூறு கிலோமீட்டர், நீளம் ஆயிரக்கணக்கில். அது எந்தக் கரையைத் தொடுமோ அங்கே கனமழைக்கு வாய்ப்பு உண்டு. வளிமண்டல ஆறு என்று அதற்குப் பெயர்.

சரி, சிக்கல் எங்கே? 5ஜிக்குக் கொடுத்த பட்டை 24.25இல் தொடங்குகிறது. செல்பேசிக் கோபுரத்திலிருந்து பக்கத்துப் பட்டைக்குள் கொஞ்சம் கசிந்தாலும் செயற்கைக்கோள் கருவிக்கு அது வெப்பமாகத்தான் படும், அதாவது இல்லாத ஈரம். கசிவு பெரிதாக இருந்தால் கண்டுபிடித்து அந்தத் தரவைத் தள்ளிவிடலாம். சிறிதாக இருந்தால் உண்மை ஈரம் என்றே வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிக்குள் போய்விடும். எனக்குப் பயம் அந்தச் சின்னக் கசிவைப் பற்றித்தான். 5ஜியை வேறு பட்டைக்கு மாற்றலாம், நீராவியை மாற்ற முடியாது.

அலைக்கற்றை விதிகளை நாடுகள் சேர்ந்து முடிவுசெய்யும் உலக வானொலித் தொடர்பு மாநாடு 2019இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்தது. அது கோபுரங்களின் கசிவுக்கு 200 மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 33 டெசிபல் வாட் என்று வரம்பு வைத்தது (மைனஸில் எண் கூடக்கூட வரம்பு கடுமையாகும்). 2027 செப்டம்பர் 1க்குப் பிறகு நிறுவுபவற்றுக்குத்தான் மைனஸ் 39. ஆறு டெசிபல் என்பது சின்ன வித்தியாசமில்லை, கசிவு நான்கில் ஒரு பங்காகும். ஐரோப்பிய நாடுகள் மைனஸ் 42 கேட்டிருந்தன. அந்தத் தேதிக்கு முன்பே நிறுவியவை பழைய வரம்பிலேயே தொடரலாம் என்ற சலுகை எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் மாநாடு குறித்த 2027 தேதியைப் பார்க்காமல், நீங்கள் தரும் உரிமங்களிலேயே மைனஸ் 39ஐ எழுதிவிடுங்கள். பழைய கோபுரங்களுக்கும் வடிகட்டி பொருத்தக் கெடு வையுங்கள். அப்புறம், காகிதத்தில் உள்ள எண்ணை நம்பாமல் கோபுரத்தடியில் ஆளை நிறுத்தி அளந்து பாருங்கள். கடலோரக் கோபுரங்களிலிருந்து தொடங்குங்கள்.